ஒரு வண்டிக்கு ஒரு காது

இடப்பக்கம் திரும்பினால்தான் அது கேட்டது. அதுவும் கார் ஏசியின் விசிறி இரண்டில் ஓடும்போது மட்டும். ஒன்றில் வைத்தால் பதுங்கியது. மூன்றில் வைத்தால் மற்ற இரைச்சலோடு கலந்து ஆள் அடையாளம் தெரியாமல் போயிற்று. ‘டர்ர்ர்’ என்று தொடங்கும், எதிலோ முட்டி ‘டக்’ என்று நிற்கும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடும். சத்தத்தைவிட அந்த அடக்கம்தான் வண்டிக்காரரை அதிகம் பயமுறுத்தியது. வீட்டுக்குள் நுழைந்த திருடன், யாராவது விழித்துக்கொண்டார்களா என்று நின்று கவனிப்பது போன்ற அடக்கம்.

வேறு யாராவது என்றால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார்கள். இவருடைய பிழைப்பே காது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில், கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருப்பவருக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது வேலை. ஆஸ்பத்திரியில் காதுக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். உள்ளே உட்காருகிறவரின் தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: “கேட்டா அமுக்குங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க. பரீட்சை இல்ல, பயப்படாதீங்க.”

அவர்கள் பயப்படுவார்கள். பேருந்து ஓட்டுகிறவர்கள், கிரேன் இயக்குகிறவர்கள், காவலாளிகள் என்று அங்கே வருகிறவர்களில் பலருக்கு வேலை நிலைப்பது அவர் போடும் கையெழுத்தில் இருந்தது. பயந்தவர்கள் சத்தமே வராதபோதும் பொத்தானை அமுக்குவார்கள். அப்படி அமுக்கும் கட்டைவிரலைப் பார்த்த மாத்திரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். கேட்ட விரல் வெடுக்கென்று இறங்கும். பயந்த விரல் யோசித்து இறங்கும்.

வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி அவருடைய காதையும் பரிசோதித்தது. அடுத்தவர் காதைப் பார்க்கிறவரின் காதில் பழுது இருக்கக் கூடாது என்பது விதி. ‘இல்லாத சத்தம் கேட்கிறது’ என்று எங்கிருந்தாவது ஒரு வரி வந்தால் போதும், கண்ணாடி அறைக்கு வெளியே இருக்கும் நாற்காலி போய்விடும். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

ஆனால் இந்தச் சத்தம் இருந்தது. அதற்கு வீட்டிலேயே சாட்சி இருந்தது. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். தினமும் அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. டிர்ர்ர்னு.”

“டர்ர்ர்.”

“டிர்ர்ர்தாங்க. சரி விடுங்க, அதுக்குப் பேரா வைக்கப் போறோம்? கொண்டுபோய்க் காட்டுங்க.”

காட்டுவதற்கு முன் வண்டியோடு கொடுத்த கையேட்டைப் படித்துப் பார்த்தார். ‘ஏசி இயங்கும்போது வழக்கத்துக்கு மாறான ஒலி எழுந்தால் உடனடியாக எமது அங்கீகரிக்கப்பட்ட மையத்தை அணுகவும். அணுகத் தவறினால் ஏற்படும் விளைவுகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது’ என்று இருந்தது. வெளியாள் கை வைத்தால் உத்தரவாதம் ரத்து என்பது அடுத்த வரி.

“விளைவுன்னா என்னங்க?” என்று கேட்டாள் மனைவி.

“போடல.”

“தீப்பிடிக்குமா? பிரேக் போயிடுமா? இல்ல, சும்மா வேர்க்குமா?”

“அதான் போடலன்னு சொல்றேன்ல.”

போட்டிருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் பயந்திருப்பார். போடாததால் எல்லாவற்றுக்கும் பயந்தார். மறுநாளிலிருந்து இடப்பக்கமே திரும்பாமல் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வழி கண்டுபிடித்தார். இடப்பக்கம் போக வேண்டிய இடத்தில் நேரே போய், வலப்பக்கம், வலப்பக்கம், வலப்பக்கம் என்று சுற்றினால் போக வேண்டிய திசை வந்துவிடும். மனைவி இரண்டு நாள் பொறுத்தாள்.

“நேத்து நம்ம வீட்டையே ரெண்டு சுத்து சுத்தி வந்தோம். எதிர்வீட்டுக்காரர் டாட்டா காட்டி ஓய்ஞ்சு போயிட்டார்,” என்றாள். “இன்னிக்கு நானும் லீவு போடறேன். ரெண்டு பேருமே போவோம்.”

மையத்தின் தரை பாலில் கழுவியதுபோல வெள்ளையாக இருந்தது. ஊழியர்கள் எல்லாரும் துணிச் செருப்பு போட்டிருந்தார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. ‘அமைதியே எங்கள் அடையாளம்’ என்று சுவரில் எழுதியிருந்தது. எங்கோ ஒரு மூலையில் ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தது. உடனே அந்தப் பக்கமிருந்த ஊழியர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

“வாங்க சார். என்ன விஷயம்?” வரவேற்பில் இருந்த பெண் புன்னகைத்தாள்.

“ஏசியில சத்தம் வருது.”

அவள் புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மேலே இருந்த கேமராவைப் பார்த்துவிட்டுத் திரும்பின. “சார், உள்ள அந்த வார்த்தை சொல்லக் கூடாது. ஒலி அனுபவம்னு சொல்லுங்க.”

“ஒலி அனுபவம் வருது.”

“ரொம்ப சந்தோஷம் சார். எப்படி வருதுன்னு இந்த மைக்ல செஞ்சு காட்டுங்க.”

“நான் செஞ்சு காட்டணுமா? வண்டி வெளியிலதானே நிக்குது?”

“வண்டிக்கு இங்க பேச அனுமதி இல்ல சார். உரிமையாளர்தான் பேசணும்.”

அப்போதுதான் காத்திருப்பு அறையைக் கவனித்தார். சோபாக்களில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் தங்கள் முறை வருவதற்குள் தத்தம் சத்தங்களைத் தாழ்ந்த குரலில் பழகிக்கொண்டிருந்தார்கள். கோட்டு போட்ட ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ‘க்ளிங், க்ளிங்’ என்றார். ஒரு அம்மாள் வாயைக் குவித்து, கெட்டில் கொதிப்பதுபோல ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர், “இன்னும் கொஞ்சம் மூக்கால,” என்று திருத்தினார்.

காதுக்காரர் மைக்கில் வாயை வைத்து ‘டர்ர்ர்... டக்’ என்றார். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு பொது இடத்தில் வண்டிபோல ஒலித்ததில் காது மடல் சூடேறியது. பின்னால் நின்ற மனைவி, “டிர்ர்ர்,” என்று திருத்தினாள்.

வரவேற்புப் பெண்ணின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. “மேடம், நீங்க வேற வண்டியா?”

“ஒரே வண்டிதான். நான் அவர் சம்சாரம்.”

“அப்ப நீங்க ஓய்வறையில உக்காருங்க மேடம். ஒரு வண்டிக்கு ஒரு காதுதான் ஏத்துக்குவோம். ரெண்டு காது கேட்டா ரெண்டு புகார் ஆயிடும், ரெண்டு புகார்னா அது பிரச்சினை ஆயிடும். இப்போதைக்கு இது வெறும் அனுபவம்தான்.”

மனைவி வாயைத் திறப்பதற்குள் இரண்டு ஊழியர்கள் வந்து, பூப்போல அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். ஓய்வறைக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

வரவேற்புப் பெண் திரையைப் பார்த்தாள். “டர்ர்ர் எங்ககிட்ட இல்லையே சார். கீச் இருக்கு, உஸ் இருக்கு, லேசான தடதட இருக்கு. நீங்க கீச்னு மாத்திச் சொன்னீங்கன்னா இன்னிக்கே எடுத்துக்கலாம். கீச்சுக்கு நல்ல ஆள் இருக்காரு.”

“ஆனா அது கீச் இல்லையே.”

“யோசிச்சுப் பாருங்க. கொஞ்சம் கீச் மாதிரிதான் இருந்துச்சு.”

“இல்லம்மா. எனக்கு இதுதான் தொழில். ஆஸ்பத்திரியில நான்தான் காது டெஸ்ட் பண்றேன்.”

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகத்தில் இருந்த புன்னகை முதல்முறையாக இறங்கியது. மேசைக்கு அடியில் எதையோ அமுக்கினாள். “ஒலி நிபுணர் வருவார் சார்,” என்றாள், அவர் பக்கமே பார்க்காமல்.

ஒலி நிபுணர் ஒல்லியான மனிதர். கையில் ஒரு கைக்குட்டையும் பதிவுக் கருவியும் வைத்திருந்தார். இருவரும் வண்டியில் ஏறினார்கள், ஓட்டியது காதுக்காரர். நிபுணர் முதல் காரியமாக நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார், ரேடியோவைப் போட்டார், ஏசியை அணைத்தார்.

“ஏசி போட்டாத்தான் கேக்கும்,” என்றார் காதுக்காரர்.

“ஏசி போட்டா அந்த இரைச்சல்ல எப்படி சார் கேக்கும்?”

ஒரு கிலோமீட்டர் தூரம் எதுவும் கேட்கவில்லை. நிபுணர் நிம்மதியாக மூச்சு விட்டார். காதுக்காரர் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார், கண்ணாடிகளை ஏற்றினார், விசிறியை இரண்டில் வைத்தார்.

“வேணாம் சார்,” என்றார் நிபுணர். அது கட்டளையில்லை, கெஞ்சல். “எனக்கு ரெண்டு பிள்ளைங்க.”

தெருமுனையில் வண்டி இடப்பக்கம் திரும்பியது.

‘டர்ர்ர்... டக்.’

நிபுணர் பலமாக இருமினார். ஆனால் இருமல் கொஞ்சம் பிந்திவிட்டது. சத்தம் முடிந்தபிறகுதான் வந்தது.

“கேட்டுச்சுல்ல?” என்றார் காதுக்காரர்.

“நான் இருமிட்டு இருந்தேன்.”

“அதுக்கு முன்னாடியே வந்துச்சே.”

நிபுணர் பதிவுக் கருவியைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “சார், கேட்டவங்கள இங்க கேட்ட இடத்துல வைக்க மாட்டாங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரு உஸ் கேட்டாரு. நல்ல மனுஷன், உண்மையத்தான் சொன்னாரு. இப்ப வண்டி கழுவற இடத்துல இருக்காரு. அங்க தண்ணிச் சத்தத்துல யாருக்கும் எதுவும் கேக்காது. உங்களுக்கும் தொழில் இருக்கு, எனக்கும் இருக்கு. கேக்கலன்னு சொல்லிட்டுப் போயிடலாமே?”

காதுக்காரருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஆனால் கையேட்டில் சொல்லாமல் விட்ட விளைவுகள் கண்முன் வந்தன. இந்த வண்டியில்தான் மனைவி தினமும் உட்காருகிறாள். “மேலாளரப் பார்க்கணும்,” என்றார். அவர் குரலே அவருக்கு அந்நியமாக இருந்தது.

மேலாளரின் அறை முழுக்கத் தடித்த துணி ஒட்டியிருந்தது. சுவர், கூரை, கதவின் உட்பக்கம் எல்லாம். பேசினால் குரல் வாயைவிட்டு நகர்ந்ததும் செத்துப்போயிற்று. மேலாளர் எழுந்து வந்து, இரண்டு கைகளாலும் கைகொடுத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தார். இவ்வளவு மரியாதை கிடைக்கும் இடத்தில் நல்லது நடந்ததாகக் காதுக்காரரின் அனுபவத்தில் இல்லை.

“சார், ஒரு சின்னக் கணக்கு. உங்க வண்டிக்கு வயசு என்ன?”

“ஒண்ணு.”

“உங்க காதுக்கு?”

“நாப்பத்தாறு.”

“ஒரு வயசுப் பொருளும் நாப்பத்தாறு வயசுப் பொருளும் சேர்ந்து ஓடுது. அனுபவம் வருது. எதக் கழட்டிப் பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க.”

காதுக்காரரின் கைகள் தாமாகப் போய்க் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டன.

“பயப்படாதீங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்,” என்று மேலாளர் சிரித்தார். “இந்த மையம் தொடங்கினதுலேர்ந்து ஒரு சத்தம்கூட நிரூபணம் ஆனதில்ல சார். அவ்வளவு கவனமா கேக்கறோம். ஏன்னு கேளுங்க. சத்தம் நிரூபணமானா சரி பண்ணணும். சரி பண்ணினா முன்னாடி பழுதா இருந்துச்சுன்னு ஆகும். பழுதுன்னா கம்பெனி தப்பு பண்ணிச்சுன்னு ஆகும். கம்பெனி தப்பு பண்ணாது. ஆகவே சத்தம் இல்ல. இதுல எங்கயாவது ஓட்டை இருக்கா, சொல்லுங்க பார்ப்போம்?”

காதுக்காரர் தேடிப் பார்த்தார். மனைவி இருந்திருந்தால் ஒரு நொடியில் பிடித்திருப்பாள். அவளைத்தான் சத்தமில்லாத கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

“இருக்கட்டும்,” என்றார் மேலாளர். “வாடிக்கையாளர் சொன்னா நாங்க நம்பறதுதான் வழக்கம். அதனால உங்களப் பரிசோதிக்கிறோம். இலவசம்தான். முடிவு உங்க ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்கும், நீங்க வேலை பார்க்கற ஆஸ்பத்திரிக்கும் போயிடும். உங்க பாதுகாப்புக்காக.”

“ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?”

“நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க சொல்லலன்னு வரக் கூடாது பாருங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க. அரண்டவன் காதுக்கு? பாவம், அதப்பத்தி யாரும் கவலைப்படல. நாங்க படறோம்.”

அடுத்த அறையில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. காதுக்காரர் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் இருப்பதைப் போலவே அதே அகலம், அதே இரட்டைக் கண்ணாடி. உள்ளே முதுகு சாய முடியாத அதே நாற்காலி. அதில் அவரை உட்காரவைத்தார்கள். வாழ்நாளில் பாதியை அப்படிப்பட்ட ஒரு அறைக்கு வெளியே கழித்தவருக்கு, உள்ளிருந்து பார்த்தால் வெளியில் இருப்பவர்கள் எவ்வளவு பெரிதாகத் தெரிவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. தலையில் ஹெட்போனை மாட்டினார்கள். கையில் பொத்தானைக் கொடுத்தார்கள்.

“கேட்டா அமுக்குங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க,” என்றது மேலாளரின் குரல், காதுக்குள். “பரீட்சை இல்ல. பயப்படாதீங்க.”

அந்த வாக்கியத்தில் இப்படி ஒரு பல் இருப்பது இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரிந்ததில்லை.

“என்ன சத்தம் போடப் போறீங்க?”

“உங்க வண்டியில பதிவானதத்தான். நிபுணர் கருவியில நல்லாவே விழுந்திருக்கு.”

“அப்ப சத்தம் இருக்குல்ல?” காதுக்காரர் எழுந்தேவிட்டார். “பதிவே ஆயிருக்கே!”

“உக்காருங்க சார். பதிவானது வேற, இருக்கறது வேற.” மேலாளரின் குரலில் அவசரமே இல்லை. “ஒரு சின்ன விளக்கம் சொல்லிடறேன். நீங்க அமுக்கினீங்கன்னா, எங்க வண்டியில இல்லாத சத்தம் உங்களுக்குக் கேக்குதுன்னு ஆகும். அத அப்படியே எழுதி அனுப்பிடுவோம். அமுக்கலன்னா, உங்க காதும் சரி, எங்க வண்டியும் சரி. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். உங்க விருப்பம். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல.”

இருபுறமும் தீப்பற்றிய கட்டையின் நடுவில் இருக்கும் எறும்பாவது கத்தினால் ஒருவேளை யாருக்காவது கேட்டிருக்கலாம். இங்கே இரட்டைக் கண்ணாடி.

சத்தம் வந்தது. ‘டர்ர்ர்... டக்.’ வண்டியில் கேட்டதைவிடத் தெளிவாக, ஒவ்வொரு ‘ர்’ரும் தனித்தனியாக. ஏதோ மெல்லிய, விறைப்பான ஒன்று சுழலும் இறக்கைகளில் உரசுவது அவருக்குக் கண்ணால் பார்ப்பதுபோலக் கேட்டது. கட்டைவிரல் வெடுக்கென்று எழுந்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் வந்தது. மேலும் பலமாக. விரல் கைக்குள் மீன்போலத் துள்ளியது. கண்ணாடிக்கு அப்பால் மேலாளர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் தெரிந்த மனிதர்.

காதுக்காரர் மனைவியை நினைத்தார், வீட்டை நினைத்தார், ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் தன் முதுகின் அச்சு பதிந்த நாற்காலியை நினைத்தார். பயந்துபோய் அமுக்குகிறவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவர், பயந்துபோய் அமுக்காமல் இருக்கும் ஒருவரை முதல்முறையாக உள்ளேயிருந்து பார்த்தார். கேட்காததுபோல் உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

கதவு திறந்தது. வெளியே நின்ற ஊழியர்கள் சத்தம் வராமல் கைதட்டினார்கள்.

“அபாரம் சார்,” என்றார் மேலாளர். “உங்க காது, எங்க வண்டி, ரெண்டுமே முழு ஆரோக்கியம். ஆஸ்பத்திரிக்கு நல்ல சேதியாவே அனுப்பிடறோம்.”

பிறகு இலை வைக்கும் நிகழ்ச்சி நடந்தது. அங்கே சர்வீஸ் முடிந்த ஒவ்வொரு வண்டிக்கும் அதைச் செய்வார்கள். மௌன இலை என்று பெயர். உள்ளங்கை அளவில் பச்சை நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் இலை. அதில் ஏதோ வாசனை தடவியிருக்கும். மேலாளர் அதை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து, முன்கண்ணாடிக்கு அடியில், ஏசிக்குள் வெளிக்காற்று போகும் சல்லடையில் அதன் காம்பைச் செருகினார். ஊழியர்கள் தலை குனிந்து நின்றார்கள்.

“அமைதி எப்பவும் உள்ள போயிட்டே இருக்கணும்,” என்றார் மேலாளர். பிறகு குனிந்து பார்த்தார். “போன சர்வீஸ்ல வச்ச இலை எங்க?”

“தெரியல. கொஞ்ச நாள்லயே காணோம்.”

“காத்துல போயிருக்கும். இத பத்திரமா வச்சுக்கோங்க. இலையை வாடிக்கையாளர் எடுத்தா, அமைதியில நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். உத்தரவாதம் நின்னுடும்.”

ஒலி நிபுணர் மட்டும் தலை நிமிர்ந்து சல்லடையின் இடுக்கைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். மறுபடி இடுக்கைப் பார்த்தார். பிறகு அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

மையத்தின் வாசலிலிருந்து இடப்பக்கம் மட்டும்தான் திரும்ப முடியும்.

“டிர்ர்ர்,” என்றாள் மனைவி. “அப்படியேதானே இருக்கு? கேட்டுச்சா?”

“இல்ல.”

பாம் என்று ஹார்ன் அடித்தது. முன்னால் யாரும் இல்லை.

“எதுக்கு ஹார்ன்?”

“சும்மா, கை பட்டுடுச்சு.”

அடுத்த முனையில் வண்டி மறுபடி திரும்பியது. ‘டர்ர்ர்... டக்.’ பாம். சாலையோரம் நின்ற ஒருவர் துள்ளி விலகினார். அதற்கடுத்த முனையிலும் அப்படியே. மனைவி சிரித்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். ஸ்டியரிங்கின் நடுவில் கட்டைவிரல், பொத்தானைத் தேடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“வண்டிய ஓரம் கட்டுங்க.”

ஓரம் கட்டினார்.

“வாய் இல்லங்குது, கை ஆமாங்குது. உள்ள என்னங்க பண்ணாங்க உங்கள?”

ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது ஏசியை அணைத்துவிட்டார். வண்டியே ஒட்டுக்கேட்கும் என்று பயந்தவர்போலக் கிசுகிசுத்தார்.

“நான் போய்ப் பேசறேன்,” என்றாள் மனைவி. “அந்த ஆளோட கணக்குல ஓட்டை எங்க இருக்குன்னு பலகையில போட்டே காட்டறேன். எனக்கும் கேட்டுச்சுன்னு சொல்றேன்.”

“சொன்னா உன்னையும் உக்கார வைப்பாங்க. உங்க பள்ளிக்கூடத்துக்கு எழுதுவாங்க. கணக்கு டீச்சருக்கு இல்லாததெல்லாம் கேக்குதுன்னு.”

கணக்கு எங்கே போய் முடிகிறது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. கையை நீட்டித் தன் பக்கக் கண்ணாடியை இறக்கினாள்.

“வேர்த்தாப் பரவால்ல,” என்றாள். “ஏசி போட வேணாம். வீட்டுக்குப் போகலாம்.”

அப்படியே பழகிக்கொண்டார்கள். வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு, நனைந்த சட்டையோடு போய்வந்தார்கள். ஆனாலும் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் காதுக்காரரின் கட்டைவிரல் எழுந்து நின்றது. முன்கண்ணாடிக்கு அடியில் பச்சை இலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. காம்பு தளர்ந்து, நுனி சல்லடைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட அவருக்குத் துணிவில்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய காது குறைவற்றது என்று உறுதியாகி, நாற்காலி நிலைத்தது.

சில வாரங்கள் கழித்து, கீழ்த்தளத்துக்கு ஒரு கைக்குட்டை வந்தது. பின்னால் ஒலி நிபுணர் வந்தார். இன்னும் இளைத்திருந்தார்.

“கம்பெனிலேர்ந்து அனுப்பியிருக்காங்க சார்,” என்றார். “அன்னிக்கு உங்க வண்டியில நான் இருமினது பதிவுல பிந்திடுச்சாம். கேட்டுட்டுத்தான் இருமினேனோன்னு சந்தேகப்படறாங்க. காது மந்தம்னு உங்க கையெழுத்து இருந்தா நிபுணராவே இருக்கலாம். இல்லைன்னா, வண்டி கழுவற இடம்.”

காதுக்காரர் ஹெட்போனை எடுத்துத் துடைத்தார். அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்தார். வழக்கமான வாக்கியம் தொண்டைவரை வந்தது. “கேட்டா...” என்று தொடங்கி அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

சத்தத்தை வைத்தார். விரல் இறங்கவில்லை. கூட்டினார். இறங்கவில்லை. மேலும் கூட்டினார். நிபுணரின் கண்களில் நீர் கோத்தது, கட்டைவிரல் வெளுத்துப்போய் நடுங்கியது. பொத்தானைத் தொடவில்லை. ‘இரண்டு காதும் மந்தம்’ என்று எழுதிக் காதுக்காரர் கையெழுத்துப் போட்டார். விரல் நடுங்கியதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

பொய் சொல்கிறவர்களைப் பிடிக்க அந்தத் தொழிலில் ஒரு பழைய தந்திரம் உண்டு. ஹெட்போனைக் கழற்றியபின் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லப் பேசுவது. எதற்கென்று தெரியாமலே, பழக்கத்தில் அதையும் செய்தார்.

“முடிஞ்சுது. நீங்க போகலாம்.”

நிபுணர் அசையவில்லை. சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நல்ல நிபுணர். காதுக்காரர் முன்னால் வந்து கையை அசைத்துக் காட்டியபிறகுதான் எழுந்தார். தாளை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு கதவுவரை போனார். அங்கே நின்று, கதவைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னார்:

“சார், வேற ஒண்ணுமில்ல. போன தடவை வச்ச இலை, சல்லடை வழியா விசிறிக்குள்ள விழுந்து கிடக்கு. வர்ற வண்டி எல்லாத்துலயும் அதான். கைய விட்டு எடுத்துப் போட்டா முடிஞ்சுது. புதுசையும் எடுத்துடுங்க.”

அறை அமைதியாக இருந்தது. அவ்வளவு மெல்லிய குரலைக் கேட்க நல்ல காது வேண்டும். கீழ்த்தளத்திலேயே சிறந்த காது, வாசற்படியிலிருந்து ஐந்தடி தூரத்தில் இருந்தது.

காதுக்காரர் தாழ்வாரத்தைப் பார்த்தார். யாரும் இல்லை. கூரையைப் பார்த்தார். அங்கேயும் எதுவும் இல்லை. ஆனாலும் குரலை உயர்த்தி, நன்றாகக் கேட்கும்படி, “என்ன சொன்னீங்க? எனக்கு எதுவும் கேக்கல,” என்றார்.

அவர் கையிலிருந்த பேனாவின் பொத்தானைக் கட்டைவிரல் வெடுக்கென்று அமுக்கியது. ‘டக்’ என்றது.

அந்தச் சத்தத்தையும் இருவரும் கேட்கவில்லை.